சிப்பிக் குஞ்சும் பருவக்காற்றும்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். காலையில் தேக்காவில் இறங்கி வயிறாரத் தோசை சாப்பிட்டோம். கடைத்தெருவைச் சுற்றிவிட்டுப் பிற்பகலில் கிராஞ்சிக்குப் போனோம். அங்குள்ள போர் நினைவுச் சின்னத்தின் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நம்மவர் பெயர்களைத் தேடித் தேடிப் படித்ததில் பிள்ளைகள் களைத்துப் போனார்கள். சற்றுக் காற்று வாங்கட்டும் என்று கடலோரத்திற்கு அழைத்துப் போனேன். எதிரே தெரிந்தது நம் ஜொகூர்க் கரை. அது நீர் வற்றியிருந்த நேரம்.

கரையோரச் சேற்றில் பழைய மரக்கம்பங்கள் சில நின்றன. படகு கட்டுவதற்காக எப்போதோ நட்டவையாக இருக்கலாம். ஒரு கம்பத்தில் இடுப்பு உயரத்திலிருந்து கீழே முழுவதும், சுண்ணாம்புக் கொப்புளம் போன்ற கொட்டலசும் அதற்கடியில் சிப்பியும் அப்பிக் கிடந்தன. பத்தடி தள்ளி நின்ற இன்னொரு கம்பமோ ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தக் கம்பத்தை மட்டும் யார் சுரண்டினாங்க?" என்று கேட்டாள்.

யாரும் சுரண்டவில்லை என்று சொன்னேனே தவிர, பேருந்து புறப்படும் நேரமாகிவிட்டதால் விளக்கம் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். அதற்கு நம் பாட்டன் பூட்டன் கப்பலேறிய நாட்டின் கடலுக்கு, மன்னார் வளைகுடாவுக்கு, ஒரு முறை போய்வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தச் சிறுமி கேட்ட அதே கேள்வியைப் பெரிய அரசாங்கங்களே அங்கே நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தன.

முதலில் இந்தக் கொட்டலசு எப்படிக் கம்பத்திற்கு வருகிறது என்று பார்ப்போம். அது ஒட்டிய இடத்தைவிட்டு நகராது. பிறகு வாழ்வும் சாவும் அங்கேதான். சிப்பிகளில் பலவும் அப்படித்தான், அல்லது ஏறக்குறைய அப்படி. நகராத உயிர் புதிய கம்பத்திற்கு எப்படி வரும்? அதன் குஞ்சுகள் வருகின்றன. தாய் கடலில் விடும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. தாயின் சாயலே அதற்கு இராது. அதை லார்வா என்பார்கள். சில நாள் முதல் சில வாரம் வரை அது நீரில் மிதந்து திரியும். நீந்தத் தெரியும், ஆனால் மேலே ஏறவும் கீழே இறங்கவும் போதுமான நீச்சல்தான் அது. நீரோட்டத்தை எதிர்த்துப் போக அதற்கு வலுவில்லை.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ரப்பர்க் காய் வெடிக்கும் ஓசை நினைவிருக்கும். உச்சி வெயிலில் படீரென்று வெடித்துக் கொட்டை எங்கோ போய் விழும். பாறையில் விழுந்தது காயும். ஓடையில் விழுந்தது போய்விடும். ஈரமண்ணில் விழுந்தது முளைக்கும். கடல் உயிர்களின் கதையும் இதேதான். ஒரு வேறுபாடு உண்டு. ரப்பர்க் கொட்டை சில கஜ தூரம் போகும். இந்தக் குஞ்சு பல மைல் போகும்.

இந்த உண்மை தெரிந்து ஏறத்தாழ 200 ஆண்டுதான் ஆகிறது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில், மரக்கட்டையில் ஒட்டியிருக்கும் ஒருவகைக் கொட்டலசிலிருந்து வாத்து பிறக்கிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். நாம் சிரிக்கலாம், நம்மிடமும் இப்படி ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன். 1820களில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் ஜான் வாகன் தாம்ஸன் என்ற இராணுவ மருத்துவர் இருந்தார். மெல்லிய துணியால் வலை தைத்துக் கடல்நீரை அரித்தெடுத்தார். அதில் அகப்பட்ட தூசி போன்ற உயிர்களைக் கடல்நீரில் வைத்துக் காத்திருந்தார். அவற்றுள் சில கண்ணாடிப் பாத்திரத்திலேயே ஒட்டிக்கொண்டு கொட்டலசாக மாறிவிட்டன. இதை அவர் 1830இல் வெளியிட்டார். அதுவரை கொட்டலசைச் சிப்பி இனத்தோடு சேர்த்து வைத்திருந்த அறிஞர்கள், அது உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் உறவு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இந்தக் கொட்டலசை மட்டுமே ஆராய்ந்தார்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு அறிவியல் போதித்த விரிவுரையாளர், கூரை ஓடுகளைக் கயிற்றில் கட்டி ஒரு படகுத்துறையிலிருந்து கடலில் தொங்கவிடச் சொன்னார். குழுவுக்கு ஓர் ஓடு; ஒவ்வொன்றும் வெவ்வேறு வாரத்தில் இறங்கியது. எங்கள் ஓடு இறங்கிய வாரம் அடைமழை. மாதம் கழித்து எடுத்தபோது பாசியைத் தவிர அதில் ஒன்றுமில்லை. இரண்டு வாரம் பின்னால் இறக்கியவர்களின் ஓட்டில் கொட்டலசு அம்மை போட்டது போல் நிறைந்திருந்தது. அவர்கள்தான் இரவில் வந்து எங்கள் ஓட்டைச் சுரண்டிவிட்டார்கள் என்று நாங்கள் சண்டை பிடித்தோம். விரிவுரையாளர் சிரித்தாரே தவிர, யாரையும் விசாரிக்கவில்லை.

சரி, மன்னாருக்குப் போவோம்.

தமிழகத்தின் தென்கோடிக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் மன்னார் வளைகுடா. அதன் அடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. முத்துக்குளிப்பவர்கள் அவற்றைப் 'பார்' என்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் தோலாயிரம் பார்; இலங்கைப் பக்கம் பெரிய பார், செவல் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஆங்கிலேய அறிஞர்களும் தங்கள் நூல்களில் இந்தத் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பார்களில்தான் முத்துச்சிப்பி வளர்கிறது. கொற்கை முத்து பற்றி முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலே பேசுகிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததாக எழுதியிருக்கிறார். இப்படிக் கட்டுபவரைக் கடல்கட்டி என்பார்கள். ஆங்கிலேயர் ஆட்சியிலும் கடல்கட்டி இல்லாமல் குளிப்பாளிகள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால், அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது!

குளிப்புக் காலம் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று கிளம்புவதற்கு முன் கடல் குளம்போல் கிடக்கும் சில வாரங்கள் அவை. தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிப்பாளிகள் வந்து சேர்வார்கள். கல்லைக் காலில் பிணைத்து இறங்கி, மூச்சடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டி என்ற வெற்று மணல்வெளியில் பல்லாயிரம் பேர் வாழும் ஓலைக் குடிசை நகரம் ஒன்று சில வாரங்களில் எழும்பும். குளிப்பு முடிந்ததும் மறையும். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு குளிப்பாளிக்கு. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு பங்கு என்பதைப் பிரட்டுக் களத்தில் நின்று பழகிய நம் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பு சொன்ன நம் நம்பிக்கையை இங்கே சொல்லிவிடுகிறேன். சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளியைச் சிப்பி வாய்திறந்து ஏற்றுக்கொண்டால் அது முத்தாகும் என்பார்கள். முத்து அப்படி உண்டாவதில்லை. சிப்பிக்குள் புகுந்த அந்நியப் பொருளையோ ஒட்டுண்ணியையோ சுற்றி அது தன் ஓட்டுப் பொருளையே படலம் படலமாகச் சுரந்து மூடுவதால் முத்து உண்டாகிறது. ஆனாலும் முத்தையும் வானிலையையும் நம் முன்னோர் முடிச்சுப் போட்டது முற்றிலும் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. முத்துக்கு மழை காரணமில்லை. ஆனால் ஒரு பாரில் சிப்பியே இருக்குமா, இராதா என்பதைக் காற்றும் மழையும்தான் பெருமளவு முடிவு செய்கின்றன.

இந்தக் குளிப்பில் ஒரு பெருங்குழப்பம் இருந்தது. சில ஆண்டுகள் கோடிக்கணக்கில் சிப்பி கிடைக்கும். பிறகு திடீரென்று ஒன்றுமே இராது. டச்சுக்காரர்கள் 1658இல் தூத்துக்குடியையும் மன்னாரையும் பிடித்தார்கள். அவர்கள் காலத்திலும் நீண்ட இடைவெளிகள் விழுந்தன. அவற்றில் சிலவற்றுக்கு, முத்து யாருக்குச் சொந்தம் என்று ஆற்காட்டு நவாபோடு நடந்த பூசலும் காரணம். ஆங்கிலேயர் இலங்கையைப் பிடித்ததும் 1796, 1797, 1798 என்று மூன்று ஆண்டும் நல்ல வருமானம். ஆனால் 1838 முதல் 1854 வரை இலங்கைக் கடலில் குளிப்பே இல்லை. பிறகு 1891இல் ஒரு குளிப்பு. அதன்பின் 1903 வரை ஒன்றுமில்லை.

யார் சுரண்டினார்கள்? பிஞ்சுச் சிப்பியையும் விடாமல் மிதமிஞ்சிப் பிடித்துவிட்டார்கள் என்றனர் சிலர். திருக்கை மீன் தின்றுவிட்டது என்றனர் சிலர். களவு என்றும் பேச்சு இருந்தது. கொஞ்சம் கொஞ்சம் எல்லாவற்றிலும் உண்மை இருக்கத்தான் செய்தது. இலங்கையிலேயே பிறந்த மருத்துவர் கெலார்ட் என்பவரை 1857இல் அரசாங்கம் இதை ஆராய நியமித்தது. முத்துச்சிப்பி பாறையோடு ஒட்டும் நாரை அறுத்துக்கொண்டு இடம் மாறி மறுபடி ஒட்ட வல்லது என்று அவர் கண்டறிந்தார். முழு விடை கிடைக்குமுன் 1860இல் அவர் காலமாகிவிட்டார்.

1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெல் என்ற உதவியாளரோடு இலங்கைக்கு வந்தார். கப்பலில் பார் பாராகச் சென்று, அடியிலிருப்பதை வாரியெடுத்தும் குளிப்பாளிகளை இறக்கியும் பார்த்தார்கள். அவர்கள் எழுதிய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பெரிய பாகங்களாக வெளிவந்தது. அதில் என் மனத்தைக் கவர்ந்தது பெரிய பாரின் கதை.

பெரிய பார், பெயருக்கேற்றபடி ஏறத்தாழ 11 மைல் நீளமும் 2 மைல் அகலமும் உள்ளது. கரையிலிருந்து 15, 20 மைல் தள்ளி, திறந்த கடலில் கிடக்கிறது. அதற்கு மேற்கே கடல் சட்டென்று பேராழமாகிவிடும். 1902 மார்ச்சில் அவர்கள் பார்த்தபோது பெரிய பார் முழுவதும் இளஞ்சிப்பி, அரிசி கொட்டியது போல் எண்ணிலடங்காமல் கிடந்தது. வேறு யாராவது இருந்தால் ஐந்து ஆண்டில் பெரும் புதையல் என்று அன்றே கணக்குப் போட்டிருப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வந்து போயிற்று. நவம்பரில் ஹார்னெல் மறுபடி போய்ப் பார்த்தார். பார் துடைத்து வைத்தது போல் இருந்தது.

பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். 1880 முதல் குறைந்தது 11 முறை பெரிய பாரில் இப்படி இளஞ்சிப்பி படிந்திருக்கிறது. ஒரு முறைகூட அது குளிப்புக்கு வரவில்லை. எடுக்கும் பருவம் வர நான்கைந்து ஆண்டு வேண்டும். அதற்குள் ஆண்டுதோறும் வரும் தென்மேற்குக் காற்றின் அலை அடிவரை கலக்கி, சிப்பியை மணலில் புதைக்கும் அல்லது வாரி ஆழத்தில் தள்ளும். பெரிய பாரைக் குளிப்பாளிகள் தொடவேயில்லை. தொடாத பாரை யார் அழித்தது? அந்தக் கேள்வியோடுதான் பழி மனிதனைவிட்டுக் காற்றின் பக்கம் திரும்பியது.

அப்படியானால் ஒதுக்கமான செவல் பாருக்கு ஏன் சில ஆண்டு குஞ்சு வருகிறது, சில ஆண்டு வருவதில்லை? இதற்குச் சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். முத்துச்சிப்பியின் குஞ்சு ஏறத்தாழ மூன்று வாரம் மிதக்கிறது. நீரோட்டம் மணிக்கு அரை மைல் என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 12 மைல். 21 நாளில் 252 மைல். அது வளைகுடாவின் அகலத்தைவிட அதிகம். உண்மையில் ஓட்டம் நேர்க்கோட்டில் போவதில்லை; ஏற்றவற்றத்தால் முன்னும் பின்னும் அலையும், சுழலும். ஆனாலும் சிப்பி முட்டையிடும் பருவமும் பருவக்காற்று மாறும் பருவமும் அங்கே ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. காற்று பத்து நாள் முந்தினால் குஞ்சு ஒரு திசையில் போகும். பிந்தினால் வேறு திசையில் போகும். இறங்கும் வயது வந்தபோது கீழே பார் இருந்தால் பிழைத்தது. மணலோ ஆழமோ இருந்தால், தாய் கோடிக்கணக்கில் விட்டும் ஒன்றும் மிஞ்சாது. இறங்கிய பின்னும் நிம்மதி இல்லை. சூரன் என்று குளிப்பாளிகள் சொல்லும் ஒருவகைச் சிறு சிப்பி, அதே பாரில் பாய் விரித்தாற்போல் மண்டி முத்துச்சிப்பியை மூச்சுத்திணற அடித்துவிடும்.

தாய்ச்சிப்பி தூத்துக்குடிப் பக்கம், குஞ்சு படிந்தது இலங்கைப் பக்கம் என்றும் இருக்கலாம். அதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். முத்து யாருக்குச் சொந்தம் என்று டச்சுக்காரரும் நவாபும் வழக்காடிய கடலில் இதை யார் அளந்து சொல்வது?

ஹெர்ட்மன் சொன்ன பரிகாரம் எளிமையானது. பெரிய பாரில் படிந்த இளஞ்சிப்பியைக் காற்று வருமுன் வாரியெடுத்து, ஒதுக்கமான பார்களில் கொண்டுபோய் விட வேண்டும். குஞ்சு ஒட்டிக்கொள்ள மணலில் கல் கொட்ட வேண்டும். இந்த வேலை தொடங்கியபோதே நல்ல காலமும் கூடி வந்தது. 1903, 1904 என்று குளிப்பு வளர்ந்து, 1905இல் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பி எடுத்தார்கள். 1906இல் மரிச்சுக்கட்டியில் பணிபுரிய வந்த இளம் அதிகாரிகளுள் ஒருவர் பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்டு வூல்ஃப். அந்த இரைச்சலையும் அழுகும் சிப்பியின் நாற்றத்தையும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அந்த 1906ஆம் ஆண்டுதான் லண்டன் முதலாளிகள் கூடி, இலங்கை முத்துக்குளிப்புக் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கி, அரசாங்கத்திடமிருந்து பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1905இன் கணக்கைப் பார்த்து எடுத்த முடிவு அது. 1905இல் பிடித்தது நான்கைந்து ஆண்டு முன் நல்ல காற்றில் வந்து படிந்த குஞ்சு என்பதை அவர்கள் எண்ணினார்களா, தெரியவில்லை. 1907இல் ஒரு குளிப்பு நடந்தது. அத்தோடு சரி. கல் கொட்டியிருந்தார்கள், இடம் மாற்றிப் பார்த்தார்கள். ஆனால் புதிதாக வந்து படியக் குஞ்சு இல்லை. 1912இல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். முதலாளிகள் பணத்தை இழந்தார்கள். குளிப்பை நம்பியிருந்த ஊர்களின் ஆட்கள் சங்கெடுக்கவும் வேறு கூலிக்கும் போனார்கள். கடலுக்குக் குத்தகைப் பத்திரம் எழுதலாம். காற்றுக்கு எழுத முடியாது.

இந்தியப் பக்கம் தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து ஏழு ஆண்டு குளிப்பு நடந்தது. பெரியவர்கள் அதைப் பொற்காலம் போல் சொல்வார்கள். அதன்பின் பார்கள் மறுபடி வெறுமையாயின.

இராமேசுவரம் போகிற வழியில் மண்டபம் கேம்ப் என்ற ஊர் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களைக் கப்பலேற்றுமுன் நிறுத்தி வைத்துச் சோதித்த முகாமிலிருந்து வந்த பெயர் அது. 1947இல் தோன்றிய இந்தியாவின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் அந்த ஊரையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அந்த நிலையத்தின் தூத்துக்குடிக் கிளையில் முனைவர் அழகர்சாமி என்பவர் தலைமையில் 1973இல் செயற்கை முறையில் முத்து விளைவித்தார்கள். ஆனால் அதற்கு வேண்டிய சிப்பி கடலிலிருந்துதானே வர வேண்டும்? கடல் கொடுக்கும் ஆண்டும் உண்டு, கொடுக்காத ஆண்டும் உண்டு. ஆகவே 1981இல் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்தார்கள். மூன்று வாரம் மிதந்து, பிறகு கண்போல் ஒரு கரும்புள்ளியும் சிறு பாதமும் முளைத்து, இடம் தேடி ஊர்ந்து ஒட்டுவதை அங்கே கண்ணெதிரே பார்த்தார்கள். காற்று இல்லாத தொட்டியில் வளர்த்துப் பார்த்த பிறகுதான், காற்று கடலில் செய்யும் வேலை எவ்வளவு என்பது முழுதாக விளங்கியது என்று சொல்லலாம்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் ஜோன் ரஃப்கார்டன் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் கொட்டலசை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அங்கே வசந்தகாலத்தில் வடமேற்கிலிருந்து கரையை ஒட்டிக் காற்று வீசும். பூமி சுழல்வதால் அந்தக் காற்று மேல்நீரைக் கரையைவிட்டு வெளியே தள்ளுகிறது; அடியிலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. கொட்டலசுக் குஞ்சுகள் மேல்நீரோடு நெடுந்தூரம் போய்விடுகின்றன. காற்று சில நாள் ஓய்ந்தால் அந்த நீர் திரும்பிக் கரைக்கு வருகிறது. அப்போது அதுவரை வெறுமையாக இருந்த பாறையில் சில நாளுக்குள் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக ஒட்டுகின்றன. காற்று ஓயாத ஆண்டில் பாறை வெறும் பாறைதான். பாறையில் யார் யாரைத் தின்றார்கள், யார் யாரை நெருக்கினார்கள் என்பதையே அதுவரை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், வானிலைக் குறிப்பேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனிக் கிராஞ்சிக் கம்பத்துக்குத் திரும்புவோம்.

கிராஞ்சிக்கும் ஜொகூருக்கும் நடுவில் இருப்பது ஒடுங்கிய நீரிணை. கலிபோர்னியா போலவோ மன்னார் போலவோ பெரிய அலை இங்கே கிடையாது. முன்பு கிழக்கிலிருந்து மேற்கு வரை நீர் தங்குதடையின்றி ஓடிய வாய்க்கால் இது. 1919இல் வேலை தொடங்கி, 1923இல் ரயில் ஓடி, 1924 ஜூன் 28இல் முறைப்படி திறக்கப்பட்டது ஜொகூர்க் கடற்பாலம். பாலம் என்று நாம் சொல்கிறோமே தவிர, அது கல்லைக் கொட்டிக் கட்டிய கரை. வேலைக்காகத் தினமும் அதிகாலையில் அதைக் கடந்துபோகும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் கடக்கலாம்; சிப்பிக் குஞ்சு கடக்க முடியாது. மேற்கிலிருந்து வரும் ஏற்றநீர் கிராஞ்சியைக் கடந்து கரைவரை போய், வந்த வழியே திரும்ப வேண்டும்.

இங்கே வானிலையின் கை மழை வழியாக வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஜொகூர் ஆறுகளும் ஓடைகளும் நன்னீரை நீரிணையில் கொட்டுகின்றன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த பெருவெள்ளத்தைக் கோத்தா திங்கியிலும் சிகாமட்டிலும் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தனை நீரும் கடைசியில் கடலுக்குத்தானே போகிறது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. ஆகவே மேலே மிதக்கும். உப்புக் குறைந்த அந்த மேல்நீரில் பல வகைக் குஞ்சுகள் தாங்காது. சாகும், அல்லது கீழே இறங்கிவிடும். புதிதாக ஒட்டிய பிஞ்சுகளுக்கோ தப்ப வழியில்லை. மழை ஓய்ந்த சில வாரங்களில் உப்பு ஏறும். பிறகு வருகிற குஞ்சுக் கூட்டத்துக்கு அதே கம்பம் நல்ல இடம். எங்கள் ஓடும் அடுத்த குழுவின் ஓடும் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. நீர் வற்றும் நேரம் நடுப்பகலாக அமைந்தால், கம்பத்தின் மேற்பகுதியில் ஒட்டிய பிஞ்சு கருகிவிடும். அதனால்தான் ஓர் உயரத்துக்கு மேல் கம்பம் வெறுமையாக நிற்கிறது.

இன்னொன்று. கொட்டலசுக் குஞ்சு கண்ட இடத்தில் ஒட்டிவிடாது. ஊர்ந்து தடவிப் பார்க்கும். தன் இனத்தார் ஏற்கெனவே குடியிருக்கும் இடமாக இருந்தால் அங்கேயே இறங்கும். கங்காணி தன் ஊர்க்காரர்களையே அழைத்து வந்ததும், வந்தவர்கள் உறவினர் இருந்த லயத்தையே தேடிப் போனதும் என் நினைவுக்கு வருகின்றன. ஒரு கம்பத்தில் முதல் வாரம் நல்ல காற்றில் நாலு குஞ்சு ஒட்டினால், அடுத்த வாரம் நாற்பது அங்கே வரும். பத்தடி தள்ளியுள்ள கம்பத்துக்கு முதல் நாலு தப்பிவிட்டால், பின்னால் வருவதும் குறையும்.

கிராஞ்சிக் கரையில் இப்போது ஒரு புதுக் கதையும் நடந்துகொண்டிருக்கிறது. நீரிணையின் மிதவை மீன்பண்ணைகளில் மிதவையையும் கயிற்றையும் அப்பிக் கிடப்பது வழக்கமாக நம் பச்சைச் சிப்பிதான். மலாய்க்காரர்கள் கூப்பாங் என்பார்களே, அது. 2016 முதல் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடல்களைச் சேர்ந்த ஒரு சிறு சிப்பி நீரிணையில் காணப்படுகிறது. மைத்தெல்லா என்பது அதன் அறிவியல் பெயர். கப்பல் வழியாக வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். உப்பு மிகக் குறைந்த நீரையும் அது தாங்கும். ஆகவே மழைக்காலம் பச்சைச் சிப்பிக்குத் தொல்லை. இதற்கு அவ்வளவு இல்லை. பண்ணைக் கயிறுகளில் பச்சைச் சிப்பியின் இடத்தைப் பிடித்ததோடு, சேற்றுத் திட்டுகளிலும் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. குளிப்பாளிகள் சொன்ன சூரனைப் போலவே.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த பிறகு நான் தனியாகக் கிராஞ்சிக்குப் போயிருந்தேன். அதே கம்பங்கள் நின்றன. நிறைந்திருந்த கம்பத்தில் கொட்டலசின் வெற்று ஓடுகள் பல வாய்பிளந்து கிடந்தன. வெறுமையாக இருந்த கம்பத்தின் அடியில் கறுப்பும் பழுப்புமாக, நகத்தளவுச் சிறு சிப்பிகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. படம் பிடித்து, இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கும் அந்தப் பிள்ளைக்கு அனுப்பினேன்.

மாலையில் பதில் வந்தது. "இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு டீச்சர்? அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டிருந்தாள்.